ஸ்டில்லே பாலிமரின் மூலக்கூறு எடை 7,000-க்கு மேல் ஏறவில்லை, கலத்தின் மின்னோட்டக் கோடு எஸ் வடிவில் வளைகிறது. எங்கே பார்ப்பது?

வைகை_பாலிமர் (மதுரை)

வணக்கம். கரிம சூரியக் கலத்துக்கான கொடை–ஏற்பி பாலிமர் (எலக்ட்ரானைக் கொடுக்கும் அலகும் ஏற்கும் அலகும் மாறி மாறி வரும் சங்கிலி) ஒன்றில் வேலை நடக்கிறது. ஸ்டில்லே முறை, அதாவது டின் மோனோமரையும் புரோமோ மோனோமரையும் பலேடியத்தால் இணைப்பது. இரண்டு இடத்தில் தடங்கல். முழு விவரத்தையும் தருகிறேன், எது விட்டுப்போயிருந்தாலும் கேளுங்கள்.

கொடைப் பக்கம் பென்சோடைதயோஃபீன். 4, 8 இடங்களில் எத்தில்ஹெக்சில் தயோஃபீன் கிளைகள், இரு முனையிலும் ட்ரைமெத்தில் டின். மூலக்கூறு எடை 904.5. ஏற்பிப் பக்கம் 4,7-டைபுரோமோ-2,1,3-பென்சோதயாடயசோல், 294.0. தலா 0.2 மில்லிமோல், அதாவது 180.9 மி.கி.யும் 58.8 மி.கி.யும். வினையூக்கி பலேடியம்–டிபிஏ 2 மோல் சதவீதம், ட்ரை-ஆர்த்தோ-டோலைல் பாஸ்ஃபீன் 8 மோல் சதவீதம். டொலுவீன் 4 மி.லி., ஆர்கான், 110 டிகிரி.

ஜிபிசியில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து எடை காணும் முறை) எண்-சராசரி எடை 7,000, எடைப் பரவல் 2.1. கரைப்பான் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), ஒப்பீடு பாலிஸ்டைரீன். 24 மணி நேரம் ஓட்டினாலும் 72 மணி நேரம் ஓட்டினாலும் இதே எண்தான். குடுவையில் எதுவும் வீழ்படிவாகவில்லை, கடைசிவரை தெளிவான கரைசல்.

கலம்: ஐடிஓ (ஒளிபுகும் மின்கடத்திப் பூச்சு) கண்ணாடி, மேலே பீடாட்–பிஎஸ்எஸ் (மின்கடத்தும் பாலிமர் அடுக்கு), அதன் மேல் பாலிமரும் பிசி71பிஎம்மும் (எலக்ட்ரானை ஏற்கும் ஃபுல்லரீன்) 1:1.5 எடை விகிதத்தில் குளோரோஃபார்மிலிருந்து, கடைசியாக 100 நானோமீட்டர் அலுமினியம். 0.71 வோல்ட், சதுர செ.மீ.க்கு 5.2 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (மின்னோட்டக் கோடு எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்ற அளவு) 34%, திறன் 1.26%. மின்னோட்டம்–மின்னழுத்தக் கோடு எஸ் வடிவில் வளைகிறது. மழை நாட்களில் படலத்தில் பால் போல ஒரு மங்கல் தெரிகிறது.

எங்கள் துறையில் குளோவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் இல்லாத கையுறைப் பெட்டி) இல்லை. ஷ்லெங்க் லைன் (வெற்றிடமும் மந்த வாயுவும் மாற்றிமாற்றித் தரும் குழாய் அமைப்பு), ஸ்பின் கோட்டர் (கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் கருவி), வெற்றிட ஆவிப்படிவுக் கருவி உண்டு. என் கேள்விகள்: எடை ஏறாததற்கு முதலில் எதைச் சந்தேகிப்பது? எஸ் வடிவத்துக்குப் பாலிமர் காரணமா, மின்முனை காரணமா? குளோவ் பாக்ஸ் இல்லாமல் நம்பும்படியான எண் எடுக்க முடியுமா? டின் இல்லாமல் இந்த பாலிமரைச் செய்ய வழி உண்டா?

ஷ்லெங்க்_குழாய்

நல்லபடியாக விவரம் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் ஊகிக்காமல் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பாலிமரில் திரும்பத் திரும்ப வரும் அலகின் எடை 711. 7,000-ஐ அதால் வகுத்தால் சுமார் 10 அலகு. ஒவ்வொரு அலகிலும் இரண்டு மோனோமர், ஆக சங்கிலியில் 20 மோனோமர். படிவளர்ச்சிப் பாலிமராக்கத்தில் கரோத்தர்ஸ் சமன்பாடு சொல்வது இதுதான்: 20 மோனோமர் நீளம் என்றால் மொத்த முனைகளில் 95% மட்டுமே இணைந்திருக்கிறது. 99% இணைந்தால் 100 மோனோமர், எடை 35,000-ஐத் தாண்டும். உங்களுக்குத் தடையாக இருப்பது அந்த மிச்சம் 4%.

இப்போது எது காரணமில்லை என்று பார்ப்போம். நேரம் காரணமில்லை, 72 மணி நேரத்திலும் அதே எண். வீழ்படிவும் இல்லை. நிறுப்பதில் பிழையா? 58.8 மி.கி.யில் 1 மி.கி. தவறினால் விகிதம் 1.7% விலகும், அப்போதும் கணக்குப்படி சங்கிலி 117 மோனோமர் வரை வளரலாம். 2 மி.கி. தவறினால்கூட 58. ஆகவே தராசைத் தூக்கிப் போட வேண்டாம். மிஞ்சுவது இரண்டு: டின் மோனோமரின் தூய்மை, வினையூக்கியின் தரம்.

முதல் சந்தேகம் டின் மோனோமர் மீதுதான். இந்த வகைச் சேர்மத்தில் டின்–கார்பன் பிணைப்பு அமிலத்தைத் தாங்காது. ஒரு முனையில் டின் உதிர்ந்து ஹைட்ரஜன் வந்துவிட்டால், அந்த மூலக்கூறு ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ரயில் பெட்டி. அது வந்து சேர்ந்த இடத்தோடு வண்டி நீளாது. சிலிக்கா காலத்தில் (பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்யும் சிலிக்கா நிரப்பிய குழாய்) விட்டிருந்தால் உதிர்வு நிச்சயம், சிலிக்காவின் அமிலத்தன்மையே போதும். இதைக் காலத்தில் சுத்தம் செய்யக் கூடாது. சூடான ஐசோபுரோப்பனாலில் கரைத்து, மெதுவாக ஆறவிட்டு, பிறகு குளிர்பெட்டியில் வைத்துப் படிகமாக்க வேண்டும். இரண்டு முறை செய்யுங்கள். வடிகட்டிய படிகத்தை வெற்றிடத்தில் உலர்த்தி, ஆர்கானில் மூடி, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும்.

சோதிக்க புரோட்டான் என்எம்ஆர் (மூலக்கூறின் ஹைட்ரஜன்களைக் காட்டும் காந்த நிறமாலை) போதும். ஆனால் எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம் நாள்பட நாள்பட அமிலமாகும். நம் ஊர் வெயிலில் அலமாரியில் கிடந்த குப்பி என்றால் இன்னும் சீக்கிரம். அந்தக் குழாய்க்குள்ளேயே டின் உதிர்ந்து, நல்ல மோனோமரையும் கெட்டதாகக் காட்டும். கரைப்பானைக் கார அலுமினா மேல் ஒரு சிறு பிப்பெட்டில் விட்டு வடித்து, உடனே எடுங்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 20 முதல் 30 நொடி காத்திருக்கும்படி அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் பரப்பளவு விகிதம் சரியாக வராது.

பார்க்க வேண்டியவை: 0.40 பிபிஎம்மில் டின் மேலுள்ள மெத்தில்கள், 18 ஹைட்ரஜன், இருபுறமும் டின் ஐசோடோப்பின் சிறு துணைக்கோடுகளோடு. 7.69 அருகே நடுவளையத்தின் 2 ஹைட்ரஜன், ஒற்றைக்கோடு. டின் உதிர்ந்திருந்தால் 7.46 அருகே புதிதாக ஓர் இரட்டைக்கோடு தலைகாட்டும். 18-ல் ஏற்படும் குறைவை விட இந்தப் புதுக்கோட்டை நம்புங்கள். வெறும் அடிக்கோட்டில் 0.1 ஹைட்ரஜன் எழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

புரோமோ மோனோமரில் தொல்லை குறைவு. எத்தனாலில் படிகமாக்கி, உருகுநிலை 188 டிகிரி அருகே கூர்மையாக வந்தால் போதும்.

வினையூக்கி: பலேடியம்–டிபிஏ என்று விற்பதில் கணிசமான பங்கு ஏற்கெனவே சிதைந்து உலோகத் துகளாக இருக்கலாம், இது ஆய்விதழ்களில் வெளிவந்த விஷயம். கருஞ்சிவப்பு–ஊதா நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்திருந்தால் வேண்டாம். உங்கள் அளவுக்கு வேண்டியது 3.7 மி.கி., பாஸ்ஃபீன் 4.9 மி.கி. பாஸ்ஃபீன் காற்றில் ஆக்சைடாக மாறியிருந்தாலும் அதே விளைவு. பாஸ்பரஸ் என்எம்ஆர் எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

கரைசலில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் டின் மோனோமர் தன்னோடு தானே இணைந்து செலவாகும். ஆர்கானைக் குமிழிவிடுவதை விட உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்கும் சுழற்சியை மூன்று முறை செய்வது நம்பகமானது. பலேடியத்தை அதற்குப் பிறகு போட்டால் இன்னும் நல்லது. டொலுவீனுக்குப் பதில் குளோரோபென்சீன் எடுக்கலாம். கொதிநிலை 132 டிகிரி, நீளும் சங்கிலியைக் கரைத்தும் வைத்திருக்கும். எடை ஏற ஆரம்பித்ததும் டொலுவீனில் வீழ்படிவாகும் வாய்ப்பு அதிகம். தொடங்கும் நாளை மட்டும் பார்த்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மாலை வரை போனால், எண்ணெய்க் குளியல் ஆறி, பாதி வளர்ந்த பாலிமர் வெளியே வந்து உட்கார்ந்துவிடும். மறுபடி சூடேற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை.

முடிவில் முனைகளை மூட வேண்டும்: முதலில் 2-ட்ரைபியூட்டைல்ஸ்டானைல் தயோஃபீன், சில மணி நேரம் கழித்து 2-புரோமோதயோஃபீன். பிறகு 100 மி.லி. மெத்தனாலில் ஊற்றி வடிகட்டி, சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கருவி) மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன், கடைசியில் குளோரோஃபார்ம். ஹெக்சேன் நிறமில்லாமல் இறங்கும் வரை ஓடட்டும். குட்டைச் சங்கிலிகள் அதில்தான் போகும். குளோரோஃபார்ம் கரைசலை சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் நீர்க்கரைசலோடு 50 டிகிரியில் சில மணி நேரம் கலக்கிக் கழுவினால் பலேடியமும் இறங்கும். மிச்சமிருக்கும் பலேடியம் கலத்தில் மின்னூட்டங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில நேரம் குறுக்குச் சுற்றே உண்டாக்கும்.

ட்ரைமெத்தில் டின் சேர்மங்கள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும், ஆவியாகவும் கூடியவை. எல்லாம் புகைக்கூண்டுக்குள். நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மைச் சில நிமிடம்கூடத் தாங்காது. ஒரு துளி பட்டாலும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். டின் கழிவுக்குத் தனிக் குப்பி, சிங்க்கில் ஒரு சொட்டும் வேண்டாம்.

சொக்கிகுளம்_ஒளிமின்

மேலே சொன்னது பாலிமர். நான் கலத்துக்கு வர்றேன்.

முதல்ல பாலிமரையும் கலத்தையும் பிரிச்சுப் பாக்கணும். புதுப் பாலிமரைப் புதுக் கல அமைப்புல போட்டா, எது கெட்டதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே ஐடிஓ, அதே மின்முனை வச்சு பி3எச்டி–பிசி61பிஎம் கலம் (எல்லாரும் நல்லா அறிஞ்ச ஒரு பாலிதயோஃபீனும் ஃபுல்லரீனும்) ஒண்ணு செய்யுங்க. தலா 20 மி.கி. ஒரு மி.லி. டைகுளோரோபென்சீன்ல, 60 டிகிரியில இரவு முழுக்கக் கலக்கி, 800 ஆர்பிஎம்ல சுத்தி, ஈரப்படலத்தைப் பெட்ரி தட்டால மூடி மெதுவா உலர விடுங்க. உலர உலர ஆரஞ்சு நிறம் போய் ஊதாவாகும். அப்புறம் 140 டிகிரியில 10 நிமிஷம். ஒழுங்கா இருந்தா 0.6 வோல்ட், 9 மில்லி ஆம்பியர் சுத்துவட்டாரம், ஃபில் ஃபேக்டர் 60%, திறன் 3%-க்கு மேல வரணும். இதுவும் எஸ் வளைஞ்சா பாலிமர் மேல பழி போடக் கூடாது.

எனக்குத் தோணுறது, எஸ் உங்க அலுமினியத்துலதான். ஃபுல்லரீன் மேல வெறும் அலுமினியம் படிஞ்சா இடையில ஆக்சைடு உருவாகி எலக்ட்ரான் வெளியேற ஒரு தடுப்பு வந்துரும். வழக்கமா நடுவுல 20 நானோமீட்டர் கால்சியம் அல்லது 1 நானோமீட்டருக்கும் குறைவா லித்தியம் ஃபுளோரைடு வைப்பாங்க. கால்சியம் குளோவ் பாக்ஸ் இல்லாம உருப்படாது. பீடாட்–பிஎஸ்எஸ் பக்கமும் சிக்கல் இருக்கு: பிஎச் 1–2 அளவு அமிலம், ஐடிஓவை அரிக்கும், ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு மேல உள்ள படலத்துக்குக் கொடுக்கும்.

அதனால தலைகீழ் அமைப்புக்கு, அதாவது எலக்ட்ரான் ஐடிஓ பக்கமா வெளியேறுற அமைப்புக்கு மாறுங்க. குளோவ் பாக்ஸ் இல்லாத இடத்துக்கு இதுதான் சரி, இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஐடிஓ, துத்தநாக ஆக்சைடு, பாலிமர் கலவை, மாலிப்டினம் ஆக்சைடு, வெள்ளி. காத்துல கெடுற உலோகம் இதுல ஒண்ணுமில்ல.

ஐடிஓவை சோப்புத் தண்ணி, டிஐ (அயனி நீக்குன) தண்ணி, அசிட்டோன், ஐசோபுரோப்பனால்னு ஒவ்வொண்ணுலயும் 15 நிமிஷம் அல்ட்ராசோனிக்ல வச்சு, கடைசியா 15 நிமிஷம் யூவி-ஓசோன். துத்தநாக ஆக்சைடுக்கு: ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 1 கிராம், எத்தனாலமைன் 0.28 கிராம், 2-மெத்தாக்சிஎத்தனால் 10 மி.லி. மூடி 12 மணி நேரம் கலக்குங்க. வடிகட்டி 3,000–4,000 ஆர்பிஎம்ல சுத்தி, காத்துலயே 200 டிகிரியில 1 மணி நேரம். 30–40 நானோமீட்டர் வரும். 2-மெத்தாக்சிஎத்தனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும், அதனால புகைக்கூண்டை விட்டு வெளிய எடுக்காதீங்க. மேல மாலிப்டினம் ஆக்சைடு 10, வெள்ளி 100 நானோமீட்டர். வெற்றிடம் ஒரு மில்லிபாரின் பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்குன பிறகே படிவைத் தொடங்குங்க.

தலைகீழ் கலத்துலயும் முதல் அளவீட்டுல எஸ் வரலாம். வெளிச்சத்துல சில நிமிஷம் வச்சு மறுபடி அளந்தா அது மறைஞ்சுரும். அது துத்தநாக ஆக்சைடோட குணம், புற ஊதா பட்டாத்தான் முழுசா கடத்தும். மறையலைன்னாதான் கவலைப்படணும். இப்ப ஃபுல்லரீன்ல இருக்கீங்க, பிரச்சினை இல்ல. நாளைக்கு ஒய்6 மாதிரி ஃபுல்லரீன் அல்லாத ஏற்பிக்குப் போனா, துத்தநாக ஆக்சைடும் புற ஊதாவும் சேர்ந்து அந்த மூலக்கூறை உடைக்கும். அப்ப டின் ஆக்சைடு பாருங்க.

பால் மங்கல்: அது தண்ணி. குளோரோஃபார்ம் 61 டிகிரியில கொதிக்கிற சரக்கு, சுத்தும்போது படார்னு ஆவியாகி படலத்தைக் குளிர வச்சுரும். அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80% இருந்தா பனிநிலை 26 டிகிரி. அதாவது படலம் வெறும் 4 டிகிரி குளிர்ந்தாலே காத்துல உள்ள ஈரம் அது மேல துளித்துளியா உட்காரும். துளி காய்ஞ்ச இடத்துல ஓட்டை. மைக்ராஸ்கோப்ல வட்ட வட்டமாத் தெரியும். அந்த ஓட்டை வழியா வெள்ளி இறங்கி குறுக்குச் சுற்று ஆகும். சித்திரை வெயில்ல நல்லா வந்த கலம் ஐப்பசி, கார்த்திகையில வராததுக்கு இது ஒண்ணே போதும்.

ஏசி போட்டு 25 டிகிரி, 50%-க்குக் கொண்டுவந்தா பனிநிலை 14-க்கு இறங்கும். அதோட குளோரோபென்சீனுக்கு மாறுங்க, மெதுவா ஆவியாகும், குளிர்ச்சி குறைவு. மொத்தம் 20–25 மி.கி. ஒரு மி.லி.க்கு, 1,000–1,500 ஆர்பிஎம். ஸ்பின் கோட்டரைச் சுத்தி அக்ரிலிக் பெட்டி ஒண்ணு அடிச்சு, உள்ள உலர் நைட்ரஜனை விடுங்க. கீழவாசல் பக்கம் அக்ரிலிக் வெட்டித் தர்ற கடையில அளவு கொடுத்தாப் போதும். குளோவ் பாக்ஸுக்கு ஈடு இல்ல, ஆனா ஈரப்பதமானி 30%-க்குக் கீழ காட்டும்வரை காத்திருந்து சுத்துனா படலம் தெளிவா வரும். ஒவ்வொரு கலத்தோடயும் அன்றைய ஈரப்பதம், வெப்பநிலை ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. பின்னாடி வரைபடம் போடும்போது அது இல்லாம எதுவும் புரியாது.

ஈரம் மட்டுமில்ல, வெளிச்சமும். ஆக்சிஜன் பட்டா பாலிமர் லேசா பி-வகை டோப்பிங் ஆகும் (கூடுதல் மின்துளை, அதாவது நேர்மின்னூட்டம் சேரும்), அது வெற்றிடத்துல சூடேத்துனா பெரும்பாலும் திரும்பிரும். ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்தா சங்கிலியே ஆக்சிஜனேற்றம் ஆகும், அது திரும்பாது. அதனால படலம் சுத்துற அறையில மஞ்சள் விளக்கு, படலம் வைக்கிற டப்பா கறுப்பு.

அளக்கும்போது கலத்து மேல துளைபோட்ட மறைதகடு வைங்க, மின்னோட்ட அடர்த்தியை அந்தத் துளைப் பரப்பை வச்சே கணக்கிடுங்க. மறைதகடு இல்லாம அளந்த எண்ணை நான் எண்ணாவே எடுத்துக்க மாட்டேன். இருட்டுலயும் ஒரு கோடு எடுங்க. பிளஸ் 1, மைனஸ் 1 வோல்ட் மின்னோட்டம் ரெண்டுக்கும் ஆயிரம் மடங்காவது வித்தியாசம் இல்லன்னா எங்கயோ கசியுது.

வைகை_பாலிமர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. சொன்னபடி கார அலுமினாவில் வடித்த குளோரோஃபார்மில், 30 நொடி இடைவெளியோடு என்எம்ஆர் எடுத்தேன். 7.69-ஐ 2 என்று வைத்தால் 0.40 கோடு 17.1 வருகிறது. 7.46-ல் சிறிய இரட்டைக்கோடு, 0.1. இந்தத் தொகுதி சிலிக்கா காலம் வழியாக வந்ததுதான்.

ஒரு சந்தேகம். டின் 5% குறைவு என்றால், அந்த அளவுக்கு டின் மோனோமரைக் கூடுதலாக எடுத்துச் சரிக்கட்டலாமா? மோனோமர் விலை அதிகம், படிகமாக்கும்போது பாதி போய்விடுமோ என்று தயக்கம்.

ஷ்லெங்க்_குழாய்

பார்த்தீர்களா, 17.1-ஐ 18-ஆல் வகுத்தால் 0.95. டின் முனைகளில் 5% இல்லை. 0.2 மில்லிமோலில் 0.40 மில்லிமோல் முனை இருக்க வேண்டிய இடத்தில் 0.38 இருக்கிறது. அது முழுவதும் வினைபுரிந்தாலும், 0.40 மில்லிமோல் மூலக்கூறில் தொடங்கியது 0.02-ல் நின்றுவிடும். சராசரி நீளம் 20. ஜிபிசி சொன்னதும் அதே 20. எண்கள் இவ்வளவு பொருந்துவதில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. பாலிஸ்டைரீனோடு ஒப்பிடும்போது இந்த மாதிரி விறைப்பான சங்கிலிகளின் எடை மிகையாகவே தெரியும், உண்மை எடை 7,000-க்குக் கீழேகூட இருக்கலாம். ஆனாலும் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை.

கூடுதலாக எடுத்துச் சரிக்கட்டுவது பாதி வழிதான். 190.4 மி.கி. எடுத்தால் டின், புரோமின் முனைகள் சமமாகும். கணக்குப்படி நீளம் 20-லிருந்து 39-க்கு ஏறும், எடை 14,000 அருகே. ஆனால் கொக்கியில்லாத முனைகள் உள்ளேயே இருப்பதால் அதைத் தாண்டாது. படிகமாக்கி டின்னை 99.5%-க்குக் கொண்டுவந்தால் நீளம் 200 வரை போக இடமிருக்கிறது, அப்போது மற்ற பிழைகள்தான் எல்லை. பாதி மோனோமர் போனாலும் மீதிப் பாதியில் கிடைக்கும் பாலிமர் கலத்துக்கு உதவும். இப்போது கிடைப்பது உதவாது. தாய்க்கரைசலைக் கொட்டிவிடாமல் ஆவியாக்கி வையுங்கள். அதை மறுபடி லித்தியமாக்கி ட்ரைமெத்தில் டின் குளோரைடோடு சேர்த்து மீட்கலாம்.

இன்னொன்று, எடை அதிகமாக ஆக நல்லது என்பதும் இல்லை. மிக நீண்ட சங்கிலி குளோரோபென்சீனில் கூழாகி, வடிகட்டியில் அடைத்து, படலம் கோடுகோடாக வரும். 20,000-லிருந்து 50,000-க்குள் நின்றால் கையாள வசதி. ஒரே தொகுதியாக அதிகம் செய்து, எல்லாக் கலங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு தொகுதிகளின் எடை வேறானால் இரண்டும் இரண்டு பொருள்.

காரைக்குடி_மின்வேதி

பி3எச்டியை விலைக்கு வாங்காமல் செய்யப் பார்ப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே உள்ள எடை விவகாரத்துக்கும் இது நல்ல பயிற்சி.

2,5-டைபுரோமோ-3-ஹெக்சில்தயோஃபீன் 3.26 கிராம், அதாவது 10 மில்லிமோல். உலர் டிஎச்எஃப் 100 மி.லி. மூன்றாம்நிலை பியூட்டைல் மக்னீசியம் குளோரைடு (கிரின்யார்டு வினைப்பொருள்) 1-க்குச் சற்றுக் குறைவாக, 0.97 சமானம். 2 மணி நேரம் கழித்து நிக்கல்–டிபிபிபி குளோரைடை ஒரே தடவையில் போட வேண்டும். இங்கே சங்கிலி வளர்ச்சி நடப்பதால் நீளத்தை நிக்கல்தான் தீர்மானிக்கிறது. 100 அலகு வேண்டுமென்றால் 0.1 மில்லிமோல், 54 மி.கி., எதிர்பார்க்கும் எடை 16,600. அரை மணி நேரத்துக்குள் 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நிறுத்தி, மெத்தனாலில் ஊற்றுங்கள். பிறகு மேலே சொன்ன சாக்ஸ்லெட் வரிசைதான்.

கெடுவது பெரும்பாலும் டிஎச்எஃப்பின் ஈரத்தால். 100 மி.லி.யில் 100 பிபிஎம் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 9 மி.கி., அதாவது 0.5 மில்லிமோல். கிரின்யார்டில் 5% அதற்கே போகும். 500 பிபிஎம் என்றால் கால்வாசி போச்சு. சோடியம்–பென்சோஃபீனோனில் கருநீலம் நிலைத்து நிற்கும் வரை காய்ச்சி, அன்றே பயன்படுத்துங்கள். கிரின்யார்டு குப்பியின் லேபிளில் உள்ள செறிவை நம்பாமல் அயோடினால் டைட்ரேட் செய்து உறுதிப்படுத்துங்கள். தரம் பார்க்க என்எம்ஆர்: தலை–வால் இணைப்பின் மெத்திலீன் 2.80, தலை–தலை இணைப்பு 2.56. பின்னது 5%-க்கு மேல் இருந்தால் படலத்தில் ஒழுங்கு குறையும். படல நிறமாலையில் 605 நானோமீட்டர் தோள் மங்கிப்போவதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

டின் இல்லாத வழி கேட்டிருந்தீர்கள். நேரடி ஆரைலேற்றப் பாலிமராக்கம் இருக்கிறது. டின்னும் போரானும் தேவையில்லை, ஒரு பக்கம் வெறும் கார்பன்–ஹைட்ரஜன், மறுபக்கம் புரோமின். பலேடியம் அசிடேட், பிவாலிக் அமிலம், பொட்டாசியம் அல்லது சீசியம் கார்பனேட், டைமெத்தில் அசிட்டமைடு. நச்சும் குறைவு, படிநிலையும் ஒன்று குறைவு. சிக்கல், தயோஃபீன் வளையத்தில் ஆல்ஃபா ஹைட்ரஜன் மட்டும் வினைபுரிய வேண்டிய இடத்தில் பீட்டாவும் புரிந்துவிடும். சங்கிலி கிளைவிடும், குறுக்கே பிணையும், கடைசியில் கரையாத கட்டியாகும். உங்கள் பென்சோடைதயோஃபீனில் பீட்டா இடம் திறந்தே கிடக்கிறது. அதனால் இந்தப் பாலிமரை முதலில் ஸ்டில்லேயில் ஒழுங்காகச் செய்து, ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல மாதிரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நேரடி முறையில் செய்து, இரண்டின் நிறமாலையும் என்எம்ஆரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒப்பீடு இல்லாமல் நேரடி முறையில் இறங்கினால் குறைபாட்டைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. நீண்டகாலத்தில் நான் விரும்புவது இந்த முறையைத்தான். கிலோ கணக்கில் டின் கழிவோடு எந்தப் பாலிமரும் ஆலைக்குப் போகக் கூடாது.

அளவீட்டு வசதிகள்: உயர்வெப்ப ஜிபிசி, நிறை நிறமாலை போன்றவற்றுக்கு ஐ-ஸ்டெம் (ஆய்வுக் கருவிகளைப் பகிரும் தேசிய இணையதளம்) தளத்தில் கருவியைத் தேடிப் பதியலாம். சென்னை ஐஐடியின் எஸ்ஏஐஎஃப் (உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம்) வெளி மாதிரிகளை ஏற்கிறது. கலம், டிரான்சிஸ்டர் செய்ய பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி இரண்டிலும் ஐஎன்யுபி (நானோமின்னணுப் பயனர் திட்டம்) வெளிக்கல்லூரி ஆய்வாளர்களுக்காகவே நடக்கிறது. பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.

சொக்கிகுளம்_ஒளிமின்

டிரான்சிஸ்டர்னு சொன்னதால ஒண்ணு. புதுத் தொகுதி பாலிமர் வந்ததும் நேரா சூரியக் கலத்துல போடாம, முதல்ல சிலிக்கான் மேல ஒரு புலவிளைவு டிரான்சிஸ்டர் செய்யுங்க. 300 நானோமீட்டர் சிலிக்கான் டைஆக்சைடு, மேல ஆக்டாடெசில் ட்ரைகுளோரோசிலேன் பூச்சு, தங்க மின்முனை, அதுக்கு மேல பாலிமர் மட்டும். மின்தேக்குத் திறன் சதுர செ.மீ.க்கு 11.5 நானோஃபாரட்னு வச்சுக் கணக்கிடலாம். ஃபுல்லரீன் கலவை, மேல் மின்முனை, ஒளிமூலம்னு எந்தக் குழப்பமும் இல்லாம, மின்துளை எவ்வளவு வேகமா நகருதுன்னு தெரியும். படிகமாக்குறதுக்கு முன்னாடி இருந்த 7,000 எடைத் தொகுதியையும் தூக்கிப் போடாம இதுல அளந்து வைங்க, புதுசோட பக்கத்துல வச்சுப் பாக்கலாம். ஒண்ணை மட்டும் மறக்காதீங்க: டிரான்சிஸ்டர்ல மின்துளை படலத்தோட கிடைமட்டமா ஓடுது, கலத்துல மேலிருந்து கீழ. அதனால இந்த எண் தொகுதிகளை ஒப்பிடத்தான், கலத்தோட திறனைக் கணிக்க இல்ல.

வைகை_பாலிமர்

சரிங்க அக்கா. மோனோமரை ஐசோபுரோப்பனாலில் போட்டாயிற்று, குளிர்பெட்டியில் இருக்கிறது. 7.46 கோடு மறையும் வரை திரும்பப் படிகமாக்கிவிட்டு, குளோரோபென்சீனில் ஓட்டுகிறேன். அதுவரை துத்தநாக ஆக்சைடு, மாலிப்டினம் ஆக்சைடு அமைப்பில் பி3எச்டி கலத்தை நிலைப்படுத்துகிறேன். கோடுகளை இங்கேயே பதிகிறேன், ஈரப்பதத்தோடு சேர்த்து.